மலையகத்தில் குளச்செடி: நட்டதும் பிடித்ததும்

இலங்கையின் மலையகம் முழுவதற்கும் சேர்த்துக் குளச்செடிக்கு நடவு மாதம் ஒன்றைச் சொல்ல முடியாது. அட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை மே கடைசியில் இறங்கும். ஏப்ரலில் நட்டால் அதற்குள் வேர் பிடித்துவிடும். ஜூனில் நட்டால் அடைமழை குளத்துக்குள் வைத்த சட்டியின் மண்ணை அரித்து, கிழங்கு மிதக்கும். வெலிமடை, பதுளைப் பக்கம் அந்த மாதங்கள்தான் வறட்சி. அங்கே ஒக்டோபர் மழையோடு நடுவதே சரி.

மண்ணில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கொம்போஸ்ட் மிதக்கும், தண்ணீரைப் பச்சையாக்கும். உரம் போட்ட தேயிலைக் காணியின் மேல்மண்ணும் அப்படித்தான். உரம் படாத அடிமண் இரண்டு பங்கு, கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சரளை, இது போதும். மேட்டிலிருந்து வரும் கான் (வடிகால்) தண்ணீரைக் குளத்துக்குள் விடாமல் சுற்றித் திருப்பிவிட வேண்டும்.

நீலோற்பலத்தின் (நீல அல்லி) சட்டிக்கு மேல் 30 முதல் 45 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். கண்டியில் நன்றாகப் பூக்கும். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் கிழங்கு உறங்கிவிடும். அங்கே கோரை, வல்லாரை, வசம்பு நம்பகமானவை. வசம்புக் கிழங்கை முளைக் கண்ணோடு துண்டாக நறுக்கி, படுக்கவைத்து, முதுகு வெளியே தெரிய அமுக்க வேண்டும். முழுக்கப் புதைத்தால் அழுகக்கூடும்.

சதுப்புப் பாத்திக்கு 40 செ.மீ. கிடங்கு வெட்டி, தடித்த கறுப்புப் பொலித்தீன் விரிக்கலாம். துளைகளை அடியில் போடாமல், மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே பக்கவாட்டில் போட வேண்டும். அடியில் போட்டால் பெப்ரவரி வெயிலில் பாத்தி காய்ந்துவிடும். பூச்சி பிடித்துத் தின்னும் அழுகண்ணிச் செடிக்கு உரமில்லாத மணலும் மழைத்தண்ணீரும்தான் வேண்டும். தூசி போன்ற அதன் விதையை மண்ணால் மூடாமல் மேலேயே தூவ வேண்டும். உரம் போட்டால் செடி செத்துப்போகும்.

ஆகாயத்தாமரையை (water hyacinth) சும்மா தந்தாலும் வாங்க வேண்டாம். 1905இல் இலங்கைக்கு வந்த செடி. 1909இலேயே அதற்கென்று கட்டளைச்சட்டம் போட வேண்டியதாயிற்று. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா என்பதால் அங்கிருந்து ஒரு தண்டுகூட எடுக்கக் கூடாது. அங்குள்ள குளிர்ந்த நீரில் வளரும் அப்போனோகெட்டன் ஜேக்கப்சனி என்ற நீர்ச்செடி இலங்கைக்கே உரியது; அது அங்கேயே இருக்கட்டும்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழும். பழுத்த கோரைத் தாளை அப்போது வெட்டினால் இளந்தளிர் கருகும். மார்ச்சில் வெட்டி, நெருங்கிய வசம்பையும் அப்போதே பிரித்து நடலாம்.