பாண்ட் எழுதினால் இரண்டு பக்கமும்தானே?

நண்பரின் மகளுக்கு சைபர்கார்ப்ஸ் உதவித்தொகை கிடைத்தபோது எங்கள் வட்டத்தில் சந்தோஷத்தோடு கொஞ்சம் பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். அமெரிக்காவில் கணினிப் பாதுகாப்பு படிக்க முழு ஃபீஸும் அரசே கட்டி, கைச்செலவுக்கு இளங்கலை என்றால் வருடத்துக்கு 27,000 டாலர், முதுகலை என்றால் 37,000 டாலர் கொடுத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பணம் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையுடையது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது.

கம்பெனிகள் கொடுக்கும் சம்பளத்தை அரசால் கொடுக்க முடியாது, அதனால் படிக்கும்போதே ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். எத்தனை வருடம் பணம் வாங்கினோமோ அத்தனை வருடம் அரசு வேலை. நம்மூர் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பாண்ட் மாதிரிதான், ஆனால் ஒரு வித்தியாசம்: வேலையை அவர்கள் தரமாட்டார்கள், நாமேதான் தேட வேண்டும். படிப்பு முடிந்து 18 மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் வாங்கிய உதவித்தொகை கடனாக மாறிவிடும்.

கையெழுத்துப் போடும்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் பற்றாக்குறை என்று அரசாங்கமே புலம்புகிற துறை, வேலை கிடைக்காமலா போகும் என்றுதான் நானும் சொன்னேன். 2025 ஜனவரி 20 அன்று மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்தி உத்தரவு வந்தது. அவளுக்கு ஒரு துறையில் தற்காலிக ஆஃபர் வந்து, பின்னணி விசாரணைக்கு பழைய வீட்டு முகவரி, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்து முடித்திருந்தாள். இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தது, ஆஃபர் ரத்து.

கதவைச் சாத்தியவரே "ஏன் உள்ளே வரவில்லை, பணத்தைக் கட்டு" என்று கேட்டால் அதற்கு என்ன பெயர்? நாட்டுக்கு வேலை செய்கிறேன் என்று வந்த பிள்ளைகள் இவர்கள். கம்பெனிக்குப் போயிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன காபி. "அங்கிள், கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆபீஸ் வேலையும் கணக்கில் சேருமாம், ஆனா மாநிலம், கவுன்ட்டி எல்லாம் சேர்த்து நூற்றுக்கு இருபது பேருக்குத்தான்" என்றாள். அப்புறம் திரும்பவும் விண்ணப்பத்தைத் தட்ட ஆரம்பித்தாள், அன்றைக்கு அது நான்காவது.