கடிக்காத கொசு

2021-ல் வேறொரு வலிக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு சி.எல்.எல். இருப்பது தெரிந்தது. லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள் மெதுவாகப் பெருகிக்கொண்டே போகும் ரத்தப் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவுண்ட் பார்ப்போம், இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றார் டாக்டர். சரி என்று வந்துவிட்டேன்.

மறு வருடம் ஐப்பசி மழையில் இரண்டு கால்களிலும் கொசு கடித்தாற்போலத் தடிப்புகள். மழைக்காலத்தில் மதுரையில் எங்கள் திருநகரில் கொசு சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஒவ்வொன்றும் அரைநெல்லி அளவுக்கு நீர் கோத்துக்கொண்டது. அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு. ராத்திரியெல்லாம் ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அக்கி என்று சொல்லி நாத்தனார் என்னை விளாச்சேரிக்கு அழைத்துப்போனார். காவி குழைத்து அக்கி எழுதும் வேளார், என் காலைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "அக்கின்னா ஒரு பக்கமாத்தாம்மா ஓடும். இது ரெண்டு கால்லயும் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போங்க." அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். சி.எல்.எல். இருப்பவர்களுக்குக் கிருமி சட்டென்று பற்றிக்கொள்ளும். உடைந்த கொப்புளத்தில் எதையாவது பூசியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

அப்புறம் ஒரு கிளினிக்கில் சொறி என்று சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் கழுத்திலிருந்து பாதம் வரை களிம்பு தடவச் சொன்னார்கள். மகன், மருமகள், பேத்தி எல்லோரும் தடவினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அரிப்பே இல்லை. ரத்த டாக்டரோ, கவுண்ட் ஏறவில்லை, தோல் டாக்டரைப் பாருங்கள் என்றார். அந்தக் கிளினிக்கில் என் புற்றுநோயைப் பற்றி நான் சொல்லவே இல்லை. கொசுக்கடிக்குப் போன இடத்தில் அதை எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன். ஐந்து மாதம் வீணானதற்கு அதுதான் காரணம்.

மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கொப்புளத்தையும் தேதியோடு போனில் படம் எடுத்தாள். பத்து நாள் கொசுவலைக்குள்ளேயே படுத்திருந்தபோதும் புதிதாக நான்கு வந்திருந்தன. அந்தப் படங்களையும் ரத்த ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு, கோரிப்பாளையம் பக்கம் வேறொரு தோல் டாக்டரிடம் போனோம்.

மரத்துப்போக ஊசி போட்டு, துளியூண்டு தோலை எடுத்தார். பயாப்ஸியில், ஒவ்வாமை வந்தால் கூடும் ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் நிறைய இருந்தன. பெம்ஃபிகாய்டு என்ற கொப்புள நோயாக இருக்குமோ என்று இன்னொரு பரிசோதனை, அதுவும் இல்லை. சி.எல்.எல். உள்ள சிலருக்கு அபூர்வமாக வரும் பூச்சிக்கடி போன்ற தோல் கோளாறு இது என்றார். 1965-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்களாம். பூச்சி கடித்திருக்கவே வேண்டியதில்லை, கவுண்டுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமும் இருக்காது. "ஏன் வருதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாதும்மா." சொறிந்து சொறிந்து நீயே புண்ணாக்கிக்கொள்கிறாய் என்று மாதக்கணக்கில் கேட்டு நொந்திருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது ஸ்டீராய்டு களிம்பும் ராத்திரி ஒரு அரிப்பு மாத்திரையும். ரொம்பப் பெரிதாக வந்தால் மட்டும் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை, அதுவும் சர்க்கரை ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து. முழுக்க நிற்கவில்லை. போன மாதம் இடது கணுக்காலில் இரண்டு வந்தன. தேதி போட்டுப் படம் எடுத்து, இரண்டு டாக்டர்களுக்குமே அனுப்பிவிட்டேன்.