ஒரே கட்டத்தில் இரண்டு பேர்: மார்ச் மாதக் காமிக்ஸ் குறிப்புகள்

மார்ச் 2, ஞாயிறு

ரொம்ப நாளாக மனதில் இருந்ததை இன்று ஆரம்பித்துவிட்டேன். பழைய அமெரிக்க காமிக்ஸில் சூப்பர் ஹீரோக்கள் ஒன்று சேர்கிற கதைகளை மட்டும் எடுத்து, கால வரிசைப்படி படிப்பது. ஒரிஜினல் இதழ்களுக்கெல்லாம் நமக்கு வசதி ஏது, எல்லாம் மறுபதிப்புத் தொகுப்புகள்தான்.

முதலில் எடுத்தது 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' 3-ஆம் இதழ், 1940 குளிர்காலத்தில் வந்தது. ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்ற குழு இதில்தான் முதலில் கூடுகிறது. ஃப்ளாஷ், க்ரீன் லான்டர்ன், ஹாக்மேன், ஆட்டம், டாக்டர் ஃபேட், ஸ்பெக்டர், சாண்ட்மேன், அவர்மேன் என்று எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், ஆசிரியர் ஷெல்டன் மேயர். பாதிப் பேர் ஆல்-அமெரிக்கன் கம்பெனியின் ஹீரோக்கள், மீதிப் பேர் அதன் கூட்டாளியான நேஷனலின் ஹீரோக்கள். அந்த மேசையே இரண்டு கம்பெனிகளின் மேசைதான்.

அக்கா பையன் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஆறாம் வகுப்பு, ஆங்கிலம் படிப்பான், ஆனால் இந்தக் கதைகளை நான் தமிழில் சொன்னால்தான் அவனுக்குப் பிடிக்கும். எட்டுப் பேரும் வந்தாயிற்று, சாப்பாடும் ஆகிறது, அப்புறம் ஒவ்வொருவராகத் தங்களுடைய சாகசத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தனிக்கதை. நாற்பது பக்கம் தாண்டியதும் பையன் எழுந்து உட்கார்ந்தான்.

"மாமா, இவங்க எப்போ சேர்ந்து சண்டை போடுவாங்க?"

போடவே மாட்டார்கள். அந்த இதழில் அவர்கள் ஒன்றாகச் செய்வது உட்கார்ந்து பேசுவது மட்டும்தான். நடுவில் ரெட் டொர்னாடோ என்று, தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஊரைக் காக்கிற ஒரு அம்மாள் வருகிறார், கால்சட்டை கிழிந்துபோனதால் உடனே கிளம்பியும் விடுகிறார். பையனுக்கு மொத்தப் புத்தகத்திலும் பிடித்தது அந்தப் பக்கம்தான். ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த மாதம் முழுக்க இனி அதைத்தான் தேடப்போகிறேன்.

மார்ச் 5, புதன்

கால வரிசை என்று சொல்லிவிட்டு, அதற்கும் முந்தைய ஒன்றை விட்டுவிட்டேன். 'மார்வெல் மிஸ்ட்ரி காமிக்ஸ்' 8, 9-ஆம் இதழ்கள், 1940-இன் நடுப்பகுதி. கார்ல் பர்கோஸின் ஹ்யூமன் டார்ச்சும் பில் எவரெட்டின் சப்-மரினரும் மோதுகிறார்கள். ஒருவன் நெருப்பு, இன்னொருவன் தண்ணீர். எட்டாம் இதழில் அதே சம்பவங்களை டார்ச்சின் பக்கத்திலிருந்து ஒரு தடவையும் சப்-மரினரின் பக்கத்திலிருந்து ஒரு தடவையும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதில் பெரிய சண்டை. யார் ஜெயித்தது என்று பார்த்தால், பத்தாம் இதழில் ஒரே ஒரு பக்கம், பெட்டி டீன் என்ற பெண் இடையில் புகுந்து சமாதானம் பேசி முடித்துவைக்கிறாள்.

ஆக, இரண்டு ஹீரோக்கள் உண்மையாகவே ஒரே கட்டத்துக்குள், அதாவது ஒரே படச் சட்டத்துக்குள், வந்தபோது அடித்துக்கொண்டார்கள். பையனிடம் போனில் சொன்னேன். "அதுவும் சேர்றதுதானே மாமா" என்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சூப்பர்மேனும் பேட்மேனும். இவர்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' இதழ் 1941-இல் தொடங்குகிறது. அட்டையில் சூப்பர்மேன், பேட்மேன், ராபின் மூவரும் சேர்ந்து பந்து விளையாடுவார்கள், தோளில் கைபோட்டு நிற்பார்கள். உள்ளே பிரித்தால் சூப்பர்மேனுக்குத் தனிக்கதை, பேட்மேனுக்குத் தனிக்கதை. ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, 1954 வரைக்கும் அப்படித்தான். அட்டையைப் பார்த்துப் பதினைந்து சென்ட் கொடுத்து வாங்கிய அந்தக் காலத்துப் பிள்ளைகளை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் 1952-இல் 'சூப்பர்மேன்' 76-ஆம் இதழில் ஒரு கதை வந்தது. எட்மண்ட் ஹாமில்டன் எழுத்து, கர்ட் ஸ்வான் ஓவியம். கிளார்க் கென்ட்டும் (சூப்பர்மேன்) ப்ரூஸ் வேய்னும் (பேட்மேன்) ஒரு கப்பலில் பயணம் போகிறார்கள், அறை போதாததால் இருவரையும் ஒரே அறையில் போட்டுவிடுகிறார்கள். வெளியே ஏதோ கலாட்டா. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இரண்டு பேரும் அவசர அவசரமாக உடை மாற்றுகிறார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே எரியும் தீயின் வெளிச்சம் சன்னல் வழியாக உள்ளே அடிக்கிறது. பாதி கோட்டும் பாதிச் சீருடையுமாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வானத்தைப் பிளக்கிற சாகசம் எதுவும் இல்லை, சட்டை மாற்றும்போது மாட்டிக்கொண்ட இரண்டு ஆண்கள், அவ்வளவுதான். இவ்வளவு நாள் தனித்தனியாக ரகசியம் காத்தவர்களை ஒரு குறுகலான கப்பல் அறை சேர்த்துவைத்துவிட்டது. அந்தக் கட்டத்தை நான் நாலைந்து தடவை திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் 1954-இல், 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' 71-ஆம் இதழிலிருந்து, இருவருக்கும் சேர்த்து ஒரே கதை. காரணம் ஒன்றும் பெரிய கலை நோக்கம் இல்லை. செலவு கூடியதால் புத்தகத்தின் பக்கங்களைப் பாதியாகக் குறைத்தார்கள், இரண்டு தனிக்கதைக்கு இடம் இல்லை, ஒரே கதையில் போட்டுவிட்டார்கள். காகிதச் செலவு சேர்த்துவைத்த நட்பு என்று சொன்னால் தப்பில்லை. அதனால் அந்த நட்பின் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

மார்ச் 15, சனி

இன்றைக்காகத்தான் காத்திருந்தேன். 'தி ஃப்ளாஷ்' 123, செப்டம்பர் 1961. கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத்து, கார்மைன் இன்ஃபன்டினோ ஓவியம், ஜோ ஜியெல்லா மை (பென்சில் கோடுகளின் மேல் மையிட்டவர்), ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் ஆசிரியர்.

முதலில் அட்டையைச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஃப்ளாஷ், அந்தப் பக்கம் இன்னொரு ஃப்ளாஷ், பழைய ஆள், தலையில் சிறகு வைத்த இரும்புத் தொப்பி. முன்னால் ஒரு ஆள் மேல் இரும்பு உத்தரம் விழப்போகிறது, காப்பாற்றச் சொல்லிக் கத்துகிறான். இருவரும் ஒரே நேரத்தில் அவனை நோக்கி ஓடி வருகிறார்கள், ஆனால் சுவர் மறைப்பதால் ஒருவர் ஓடுவது மற்றவருக்குத் தெரியாது. பார்க்கிற நமக்கு மட்டும் தெரியும். எட்டுப் பேரை மேசையைச் சுற்றி உட்கார வைத்தபோது கிடைக்காதது, இரண்டு பேரையும் நடுவில் ஒரு சுவரையும் வைத்து இங்கே கிடைத்துவிட்டது.

கதை இன்னும் நன்றாக இருக்கிறது. புதிய ஃப்ளாஷான பேரி ஆலன், அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்துகிறான். அதில் நம் ஊர்க் கயிற்று வித்தை! அந்தரத்தில் நிற்கிற கயிற்றில் ஏறி மறைந்துபோவதாகச் சொல்வார்களே, அதேதான். கயிற்றில் ஏறி, உடம்பை அதிவேகத்தில் அதிரவைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் போகப்பார்க்கிறான், போய் விழுவது வேறொரு உலகத்தில். அங்கே தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி ஜே கேரிக் என்ற பெயரைத் தேடுகிறான். ஜே கேரிக்தான் 1940-இல் வந்த முதல் ஃப்ளாஷ். இப்போது ஓய்வு பெற்றவர், கல்யாணமாகி வீட்டில் இருக்கிறார். வாசலில் போய் நின்று பேரி சொல்கிறான், என் உலகத்தில் நீங்கள் ஒரு காமிக்ஸ் புத்தகக் கதாபாத்திரம், சின்ன வயதில் உங்களைப் படித்துத்தான் வளர்ந்தேன் என்று. அந்தக் கதைகளை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸுக்கு அவை கனவில் வந்தன, தூக்கத்தில் அவர் மனசு இந்த உலகத்தோடு ஒத்து அதிர்ந்திருக்க வேண்டும் என்று விளக்கமும் கொடுக்கிறான்.

1940-இல் ஜே கேரிக்கை உருவாக்கியவர் ஃபாக்ஸ்தான். இருபது வருடம் கழித்து, தானே உருவாக்கிய ஆளின் வீட்டுக் கதவைத் தானே தட்டவைக்கிறார். சின்ன வயதில் நேசித்த ஹீரோவை நேரில் பார்த்தால் என்ன செய்வோம்? பேரி செய்வதுதான். வாங்க, இன்னொரு தடவை ஓடலாம் என்று கூப்பிடுவோம். ஜேயும் அதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார். ஃபிட்லர், ஷேட், திங்கர் என்று மூன்று பழைய எதிரிகள் திரும்பியிருக்கிறார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற அந்தக் கட்டத்தில் ஜேக்கு வயசு தெரிகிறது, காதோரம் நரை. ஆனால் வேகம் குறையவில்லை.

பையனுக்கு இப்போதே சொல்ல வேண்டும் போல இருக்கிறது. மணி பதினொன்று, நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நம்மளையும் யாராவது கனவுல பாத்து எழுதிக்கிட்டு இருப்பாங்களா மாமா?" என்றான். இருக்கலாம்டா என்றேன்.

மார்ச் 22, சனி

வாரம் முழுக்க ஆபீஸ் வேலை, இரவில் பத்து இருபது பக்கம்தான் ஓடியது. 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' 21, 22. 1963 ஆகஸ்ட், செப்டம்பர். அட்டையில் புதிய குழுவான ஜஸ்டிஸ் லீக் ஒரு படிகப் பந்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, புகைக்குள்ளிருந்து பழைய ஜஸ்டிஸ் சொசைட்டி எழுந்து வருகிறது. இதுவும் ஃபாக்ஸ்தான். மைக் செக்கௌஸ்கி ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேரை அடைத்து வரைந்திருக்கிறார், சில முகங்கள் நெரிசலில் தேய்ந்துபோயிருக்கின்றன, பரவாயில்லை. அதன் பிறகு இந்த இரண்டு குழுக்களும் வருடம் ஒரு முறை சந்தித்துக்கொண்டார்கள், 1985 வரை. ஊர்த் திருவிழா மாதிரி.

'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' என்ற இதழைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இன்று நேரமில்லை. ஒன்று மட்டும். பேட்மேனும் போர்க்கதை நாயகன் சார்ஜன்ட் ராக்கும் சேரும் 124-ஆம் இதழில், கதையை வரைகிற ஜிம் அபாரோவே கதைக்குள் வருகிறார். வில்லன்கள் அவரை மிரட்டி, ஹீரோக்கள் தோற்கிற மாதிரி வரையச் சொல்கிறார்கள். அந்த மனிதர் பென்சில், மை, எழுத்து மூன்றையும் தானே செய்தவர். அவரை மேசையோடு கதைக்குள் இழுத்துவந்த எழுத்தாளர் பாப் ஹேனிக்கு ஒரு கும்பிடு.

மார்ச் 30, ஞாயிறு

பையன் வந்திருக்கிறான், பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடைசிப் புத்தகத்தை அவனுக்காக எடுத்துவைத்திருந்தேன். சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும், 1976. சூப்பர்மேனின் கம்பெனியான டிசியும் ஸ்பைடர்மேனின் கம்பெனியான மார்வெலும் ஒன்றுசேர்ந்து தங்களுடைய முதல்தர ஹீரோக்களை மோதவிட்டுச் சேர்த்த இதழ். விலை இரண்டு டாலர், சாதாரண காமிக்ஸைப் போல இரு மடங்கு பெரிது. மடியில் வைத்துப் படிக்க முடியாது, தரையில் விரித்துக் குப்புறப் படுத்துத்தான் படிக்கவேண்டும், நாங்களும் அப்படித்தான் படித்தோம். ஜெர்ரி கான்வே எழுத்து, ராஸ் ஆண்ட்ரு ஓவியம், டிக் ஜியோர்டானோ மை. ஆண்ட்ரு இரண்டு கம்பெனியிலும் வேலை பார்த்தவர், அதனால் இரண்டு பேருமே அவர் கையில் சொந்தப் பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள். இரண்டு உலகம், அதிர்வு, படிகப் பந்து என்று எந்த விளக்கமும் கிடையாது. ஒரே ஊரில் எப்போதும் இருந்த மாதிரி சந்தித்துக்கொள்கிறார்கள்.

சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரின் கதிர் வேலையால் ஸ்பைடர்மேனுக்குக் கொஞ்ச நேரம் சூப்பர்மேனையே அடித்து வீழ்த்தும் பலம் கிடைக்கிறது. அப்புறம் அது தீர்ந்துவிடுகிறது, அவனுக்குத் தெரியவில்லை, தொடர்ந்து குத்துகிறான். சூப்பர்மேன் அசையாமல் நிற்கிறார். ஸ்பைடர்மேனின் கைதான் வலிக்கிறது.

பையன் அந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டான். சூப்பர்மேன் ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்டான். அடுத்த பக்கத்தைத் திருப்பு என்றேன். மாட்டேன் என்று விரலை அந்தக் கட்டத்தின் மேலேயே வைத்திருந்தான், அக்கா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிடும்வரை.