உனக்குத் தெரியுதா?

"சிஸ்டர், அவர் இங்கே இருக்காரா?" என்று வார்டில் படுத்திருந்த அந்த அம்மா கேட்டார். தேவனைத்தான் கேட்டார். "இருக்காரும்மா" என்றேன். அதுவரை சரி. சிறு வயதிலிருந்து அப்படித்தான் நம்புகிறேன், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, உனக்குத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

இந்த ஒரு வார்த்தையைத்தான் மூன்று வருடமாகத் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன். 'இருக்கிறார்' என்பது விசுவாசம். 'தெரியுது' என்பது சாட்சி, கண்டவர்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தொடர்ந்து ஆறாவது நைட் டூட்டி. ஜெபிக்காமல் இருக்கவில்லை, ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் சொல்லும், மனம் அடுத்த பெட்டின் ட்ரிப்பைக் கணக்குப் போடும். எனக்கு எதுவுமே தெரியவில்லை.

அவர் அதோடு விடவில்லை. "அப்போ எனக்காக நீ பாத்துக்கிட்டு இரு. நான் கொஞ்சம் தூங்குறேன்" என்றார். சொன்னபடி தூங்கியும் போனார். மூன்று ராத்திரியாக மாத்திரை கொடுத்தும் தூங்காதவர். என் முகத்தில் பாதியை மாஸ்க் மூடியிருந்தது. கண்ணை மட்டும் பார்த்து எதை நம்பினாரோ.

நான் செய்தது தப்பில்லை என்று எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். நானாக என் விசுவாசத்தைக் கொண்டுபோய் அவர் மேல் திணிக்கவில்லை. அவர்தான் கேட்டார், தலையணைக்கு அடியில் அவருடைய பைபிள் இருந்தது. பயந்துபோய்ப் படுத்திருக்கும் ஒருவரிடம், இரண்டு மணி ராத்திரியில், என் ஆவிக்குரிய வறட்சியைப் பற்றியா பேச முடியும்? ஊசி போடும்போது 'எறும்பு கடிச்ச மாதிரிதான்' என்று சொல்வதில்லையா? ஆனால் ஊசி விஷயத்தில் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னேன். அதுவும் தேவனைப் பற்றி.

என் லாக்கர் கதவின் உள்பக்கம் சங்கீதம் 16:11 ஒட்டியிருக்கிறது. 'உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தம்.' பலர் இதைச் 'சமூகம்' என்றே வாசித்துவிடுகிறார்கள். சமுகம் என்றால் முகத்துக்கு முன்னால் இருப்பது. எபிரெய மூலத்திலும் அந்த இடத்தில் வருவது முகம் என்ற சொல்தான். அந்த அம்மா தேடியதும் ஒரு முகத்தைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நான் மாஸ்க்கைக்கூட இறக்கவில்லை. இறக்கக் கூடாது என்பது விதி, அது வேறு விஷயம்.

நாலு மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்வது. விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப் நழுவியிருந்தது. திரும்ப மாட்டினால் எண் வரவில்லை, வெறும் கோடு. விரல் சில்லென்று இருந்தது. கை குளிர்ந்துபோனால் இப்படித்தான் ஆகும், கிளிப்பால் நாடியைப் பிடிக்க முடியாது. என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அந்தக் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தோல் மெல்லிய தாள் போல நகர்ந்தது. கண்ணைத் திறக்காமலே, "பாத்துக்கிட்டு இருக்கியா?" என்றார். "பாத்துக்கிட்டேதான் இருக்கேன்மா." கொஞ்ச நேரத்தில் 94 என்று வந்தது.

அப்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதற்கு வேறு பெயர் தெரியவில்லை. ஆறு நாள் களைப்பும் அப்படியே இருந்தது, அதற்குள்ளேயே இதுவும் இருந்தது. தேவ சமுகமா, எண் வந்துவிட்ட நிம்மதியா? பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்கத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை.

அடுத்த மாதம் சபையில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். எண் வரவில்லை என்பதற்காக ரத்தம் ஓடவில்லை என்று அர்த்தமில்லை, அதுபோல நாம் உணராதபோதும் அவர் இருக்கிறார் என்றேன். எல்லோரும் ஆமென் என்றார்கள், சிலர் அழுதார்கள். இரண்டு மணிக்கு நடந்ததை மட்டும் சொல்லவில்லை. 'தெரியுது' என்று சொன்னபோது எனக்குத் தெரியாது என்பதை விட்டுவிட்டேன். அந்த உவமை உண்மைதான், இன்றும் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்லி என்னை நானே காப்பாற்றிக்கொண்டேனோ என்று உறுத்துகிறது.

அன்னை தெரசாவை நினைத்துக்கொள்வேன். அவர் இறந்து 10 வருடம் கழித்து, 2007இல் வெளிவந்த கடிதங்களில், ஏறக்குறைய 50 வருடம், நடுவில் சிறிது காலம் தவிர, தேவன் அருகில் இருப்பதை உணரவே முடியாத இருட்டைப் பற்றி எழுதியிருந்தார். அத்தனை வருடமும் மரிக்கிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகத்தான் இருந்தார். அது பொய்யா? இல்லை என்று உடனே சொல்லிவிடுவேன். ஆனால் அவர் தன் குருவானவர்களிடமாவது உண்மையைச் சொன்னார். 88ஆம் சங்கீதக்காரனும் இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, கடைசி வசனம்வரை விடியாமலே முடித்துவிடுகிறான், தேவனிடமே சொல்லி. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த டூட்டிக்குப் போனபோது அந்த அம்மா வேறு வார்டுக்கு மாறியிருந்தார். பெட்டில் புது விரிப்பு.

போன மாதம் ஒரு பெரியவர் ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். "இருக்காருய்யா. எனக்கு இன்னைக்கு இன்னும் தெரியல. உங்ககூட உட்கார்ந்து பாக்குறேன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. பத்து நிமிடம் இருந்திருப்பேன், மூன்றாம் பெட்டில் பம்ப் அலாரம் அடித்தது. எழுந்தபோது, திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். ஒருமுறை பிடித்துவிட்டு ஓடினேன்.