இடையன்குடி கோயிலும் எங்க வீட்டு லிண்டலும்

எங்க அத்தை ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாங்க, ஒரு தடவ இடையன்குடி கோயில்ல போயி முழங்கால் போடு ஏலன்னு (எங்க பக்கம் சர்ச்சுன்னு சொல்றது கம்மி, கோயில்தான்). நம்ம வேண்டுதல் பெருசா ஒண்ணுமில்ல, கான்ட்ராக்டர் அட்வான்ஸ வாங்கிட்டு போனதுல ரெண்டு வருஷமா லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல போடுற பட்டை) மட்டத்துலயே நிக்குது வீடு. சரின்னு ரெண்டு பேரும் திசையன்விளை பஸ் ஏறிட்டோம், அங்கருந்து ஆட்டோ.

வழியெல்லாம் செம்மண்ணும் பனையும்தான். தெருவுக்குள்ள திரும்புனா எல்லாம் நேர்கோடு போட்ட மாதிரி இருக்கு, அதுவும் கால்டுவெல் ஐயர் போட்டுக் குடுத்ததுதான். அயர்லாந்துல பொறந்தவரு, மெட்ராஸ்லருந்து நடந்தே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து 1841ல இங்க தங்குனவரு. ஒப்பிலக்கணம் எழுதுனவருன்னுதான் ஸ்கூல்ல படிச்சோம், அந்த புஸ்தகம் 1856லயே வந்துருச்சு, ஆனா அவரு 1847ல ஆரம்பிச்ச இந்த பரிசுத்த திரித்துவ ஆலயம் அப்பவும் முடியல. நடுவுல தாது வருஷப் பஞ்சம் வேற வந்துட்டு போச்சு, அவரு பிஷப்பே ஆயிட்டாரு, அப்புறமா 1880 ஜூலை 6ந்தேதிதான் பிரதிஷ்டை. மொத்தம் 33 வருஷம்!

செருப்ப கழட்டிட்டு மண்ணுல ஓடிப்போயி உள்ள காலு வச்சதும்தான் உயிர் வந்துச்சு, அப்படி ஒரு குளுமை. கோத்திக் ஸ்டைலு, ஜன்னல் ஆர்ச்செல்லாம் ரெண்டு கை கூப்புன மாதிரி மேல போயி கூராகி சேருது. வீடு கட்டுறவன் புத்தி எங்க போகும், ஜெபம் பண்றத விட்டுட்டு இந்த வளைவுக்கு எப்படி சாரம் கட்டிருப்பான், கொத்தனாருக்கு இத எப்படி சொல்லிப் புரிய வச்சிருப்பாருன்னே பாத்துட்டு நின்னேன், எங்க மேஸ்திரிக்கு நேர் சுவரே கோணுது.

1891ல கொடைக்கானல்ல இறந்த கால்டுவெல் ஐயர இவ்ளோ தூரம் கொண்டாந்து ஆல்டர் பக்கத்துலயே அடக்கம் பண்ணிருக்காங்க. அத்தை முக்காட்ட இழுத்து விட்டுட்டு அங்க முழங்கால் போட்டவங்க ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல, உதடு மட்டும் அசையுது. நானும் பக்கத்துல உக்காந்தேன். வீட்டப் பத்தி கேக்கணும்னுதான் வந்தேன், அந்த எடத்துல வாயே வரல, ஸ்தோத்திரம்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவுல அத்தை கேட்டாங்க, "எத்தன வருசம்னு சொன்ன?"

"முப்பத்திமூணு அத்தை."

"அப்போ ஒனக்கு இன்னும் முப்பத்தொண்ணு கெடக்குல்லா, எதுக்குல மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"