கோல் வாசலிலிருந்து மைக்குக்கு: கெல்லி ரூடி

ஏப்ரல் 14

ஆங்கில எழுத்தில் இவர் பெயருக்கு முன்னால் ஓர் 'ஹெச்' நிற்கும்; உச்சரிப்பில் அது கிடையாது, ரூடிதான். 1961இல் எட்மன்டனில் பிறந்தவர். நியூயார்க் ஐலாண்டர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், சான் ஹோசே ஷார்க்ஸ் என மூன்று என்.ஹெச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணிகளுக்கு 15 பருவங்கள் கோல்கீப்பர். 1998இல் விளையாட்டை முடித்ததும் 'ஹாக்கி நைட் இன் கனடா' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் விமர்சகராக உட்கார்ந்தார். நெற்றியில் நீலத் துணி கட்டிக்கொண்டு நின்றவர் என்று பழைய ரசிகர்கள் உடனே அடையாளம் சொல்வார்கள்.

ஏப்ரல் 16

கோல் விழுந்ததும் "இதைப் பிடித்திருக்கலாமே" என்பது யாருக்கும் சுலபம். கோல்கீப்பராக இருந்தவர் ரீப்ளேயைப் பின்னோக்கி ஓட்டச் சொல்வார். அவர் முதலில் பார்ப்பது ஆழத்தை, அதாவது கோலை விட்டவர் கோல் கோட்டிலிருந்து எவ்வளவு முன்னால் நின்றார் என்பதை.

கணக்கு எளிது. வலையின் அகலம் 183 செ.மீ., உயரம் 122. அடிப்பவர் 9 மீட்டர் தூரத்தில் நேர் எதிரே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோல்கீப்பர் கோட்டிலேயே நின்றால் 183 செ.மீ. முழுவதையும் காக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் முன்னால் வந்தால் அது ஏறக்குறைய 152 ஆகச் சுருங்கும். 31 செ.மீ. லாபம், காலில் கட்டும் ஒரு பேடின் அகலத்தைவிட அதிகம்.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் முன்னால் வந்து நிற்பதில்லை? குறுக்கே ஒரு பாஸ் போனால் போதும், முன்னால் வந்தவர் மறுபக்கக் கம்பத்துக்குப் போகக் கூடுதல் தூரம் நகர வேண்டும். நகரும்போது முட்டிகள் விரிந்து, கால்களுக்கு நடுவே வழி திறந்துவிடும். அந்த இடைவெளிக்கு ஹாக்கிக்காரர்கள் வைத்த பெயர் 'ஃபைவ் ஹோல்'. பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) அதில் நுழைந்தால் பார்ப்பவர்கள் கால்களைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு கால்களில் இல்லை; பாஸ் வரும் என்று ஊகிக்காமல் அடிப்பவரை மட்டும் பார்த்து நின்ற இரண்டு விநாடியில் இருக்கிறது.

ஏப்ரல் 17

கோல்கீப்பரின் பார்வைக்கு விழும் மறைப்பைப் பற்றி. தாக்கும் பகுதி தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து கோல் கோடு இன்று 64 அடி. மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் அடித்தால் பக் அரை விநாடிக்குள் வந்துவிடும். பாதி வழிவரை அது ஒருவர் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தால் மிச்சம் கால் விநாடிதான். கை அசைய அது போதாது; அதனால்தான் முட்டிபோட்டு, இரு பேடுகளையும் பக்கவாட்டில் விரித்துத் தரையை அடைத்துவிடுகிறார்கள். பட்டர்ஃப்ளை என்பது இதைத்தான். மேல் மூலைகள் திறந்துகிடக்கும் என்று தெரிந்தே எடுக்கும் முடிவு.

ரூடி பெரும்பாலும் நின்று தடுக்கும் பழைய பாணியில் வளர்ந்தவர். 1993இல் என்.ஹெச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் கிங்ஸுக்கு எதிர்முனையில் மான்ட்ரியாலின் பாட்ரிக் ருவா. பட்டர்ஃப்ளையைப் பரவலாக்கியவர் அவர். மான்ட்ரியால் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை ஓவர்டைமில் (சமநிலையானால் ஆடும் கூடுதல் நேரத்தில்) வென்று கோப்பையைத் தூக்கியது. பாணி மாறிய காலத்தை எதிர்முனையிலிருந்து பார்த்தவர் என்பதாலேயே, இரண்டையும் ஒப்பிட்டுப் பேச ரூடிக்குத் தகுதி இருக்கிறது.

முன்னாள் கோல்கீப்பர்கள் மைக் பிடித்தால் வரும் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு: எல்லா கோலுக்கும் தடுப்பாட்டக்காரர்மேல் பழி போடுவது. நல்ல விமர்சகர், "இது அவர் பிடித்திருக்க வேண்டியது" என்று தம் இனத்தாரைப் பற்றியே சொல்லத் தயங்கக் கூடாது. விசிலுக்கும் ஆட்டம் மறுபடி தொடங்கும் ஃபேஸ்ஆஃபுக்கும் நடுவே கிடைக்கும் சொற்ப விநாடிகளில் ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்ல முடியும். மூன்று சொன்னால் ஒன்றும் பதியாது.

ஏப்ரல் 18

1987இல் இதே தேதி இரவு, மேரிலாந்தின் லேண்டோவரில் வாஷிங்டன் கேபிடல்ஸுடன் ஐலாண்டர்ஸின் ஏழாவது ஆட்டம், தொடரை முடிவுசெய்வது. 2-2. ஓவர்டைம் ஒன்று, இரண்டு, மூன்று. அந்தக் காலத்துத் தோல் பேடுகளுக்குள் மான்முடி திணித்திருப்பார்கள். வியர்வையும் பனியும் ஊறினால் கனம் ஏறிக்கொண்டே போகும். அந்த எடையோடு ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க வேண்டும். ரூடி அன்று தடுத்தவை 73. களைத்த கோல்கீப்பருக்கு முதலில் போவது கை வேகம் அல்ல, கால் தள்ளும் பலம். அதனால் கம்பத்துக்குப் பிந்திச் சேர்வார்.

ஏப்ரல் 19

ஈஸ்டர் ஞாயிறு, அதிகாலை இரண்டு மணி நெருங்குகிறது. நான்காவது ஓவர்டைமில் 8 நிமிடம் 47 விநாடி. ஐலாண்டர்ஸின் கோர்ட் டைனீன் வலைக்குப் பின்னால் சுற்றிவந்து அடித்தது தடுப்பாட்டக்காரர்மேல் பட்டுத் திரும்பி, நீலக்கோட்டுப் பக்கம் அதே அணியின் பாட் லஃபோன்டெயினிடம் போகிறது. அவர் அப்படியே சுழன்று அடிக்கிறார். கேபிடல்ஸ் கோல்கீப்பர் பாப் மேசன் அதுவரை 54 தடுத்தவர். பக் கம்பத்தில் பட்டு உள்ளே.

இந்த கோலின் ரீப்ளேயில் பக்கைத் துரத்தாதீர்கள். லஃபோன்டெயின் சுழலத் தொடங்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, அவருக்கும் மேசனுக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள்.