கொரோனா வார்டுக்கு டியூட்டி லிஸ்ட் போட்ட கணக்கு

சாதாரண வார்டு நர்ஸ்களுக்கு டியூட்டி லிஸ்ட் போட ஒரு நோட்டும் பென்சிலும் போதும். 2020-இல் கொரோனா வார்டுக்கும் அதே மாதிரி எட்டு மணி நேரக் கட்டம் போட்டுப் பெயர் எழுதினோம். மூன்றாம் நாளே அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. உடல் முழுக்க மூடும் பாதுகாப்பு உடையான பிபிஇ கிட்டுக்குள் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். அதற்கு மேல் கண்ணாடியில் ஆவி படிந்து, ஊசி ஏற்ற நரம்பே தெரியாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கிட் நேரத்தை. டியூட்டி நேரம் அதற்குப் பிறகுதான்.

30 படுக்கை ஆக்சிஜன் வார்டை எடுத்துக்கொள்வோம். ஆறு நோயாளிக்கு ஒருவர் என்றால் உள்ளே எந்நேரமும் ஐந்து பேர். (வென்டிலேட்டர் என்றால் ஒரு நோயாளிக்கு ஒருவர், அதை இதில் சேர்க்கக் கூடாது.) காலை 7 முதல் 1 வரை ஒரு குழு, 1 முதல் 7 வரை இன்னொன்று. இரவையும் இரண்டாக வெட்டினால் நடுராத்திரி 1 மணிக்கு வீட்டுக்குப் போக பஸ் ஏது? அதனால் இரவுக்கு மட்டும் 12 மணி நேரம், இரண்டு குழு: 1 மணி வரை ஒரு குழு கிட்டில், மற்றது டியூட்டி ரூமில் ஓய்வு, பிறகு மாற்று. காலை, மதியம், இரவு, இரவு, ஆஃப் என்று ஐந்து நாள் சுற்று. ஐந்து குழு, 25 பேர். கூடுதலாக ஐந்து பேர் ரிசர்வ். இந்த 30 பேர் டியூட்டியில் இருக்கும்போது, டியூட்டி முடித்த இன்னொரு 30 பேர் அப்போதைய வழக்கப்படி தனிமையில் இருப்பார்கள். ஆக 60 பேர் கையில் இல்லாமல் இந்த வார்டைத் திறக்கவே கூடாது.

சண்டை வந்தது வேறு இடத்தில். ஏழு நாள் டியூட்டி, ஏழு நாள் தனிமை என்று இருந்தபோது, ஐந்து நாள் சுற்று ஏழு நாளுக்குள் சரியாக அடங்காது. காலையில் தொடங்கும் குழுவுக்கு இரண்டு இரவு. முதல் இரண்டு நாளும் இரவாகத் தொடங்கும் குழுவுக்கு நான்கு. ‘எங்களுக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்த சுற்றில் தொடக்கத்தை மாற்றிக் கொடுத்து, யாருக்கு எத்தனை இரவு என்று பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டியதும் பாதிப் புகார் அடங்கியது. பத்து நாள் டியூட்டி என்றால் எல்லோருக்கும் சரியாக நான்கு. அந்த ‘ஆஃப்’ கூட உண்மையில் ஆஃப் இல்லை: காலை 7-க்கு இரவு டியூட்டி முடித்தவர் மறுநாள் காலை 7-க்கே கிட்டில் நிற்க வேண்டும். தூங்கி எழவே சரியாக இருக்கும்.

பெரும்பாலான லிஸ்ட்டில் விட்டுப்போவது கழற்றும் நேரம். கிட் கழற்றும் அறையில் ஒரு தடவைக்கு இருவர்தான். ஒருவர் கழற்ற மற்றவர் கவனிக்க வேண்டும். இருவருக்குக் கால் மணி நேரம் என்றால், ஐந்து பேரும் 1 மணிக்கு ஒன்றாக வந்து நின்றால் கடைசி ஆள் வெளியே வர 1.45 ஆகிவிடும். களைப்பில் அவசரமாக மாஸ்க்கை இழுக்கும் தவறு அந்த வரிசையில்தான் நடக்கிறது. உள்ளே போகிறவர்களை 12.30, 12.45, 1 என்று இரண்டு, இரண்டு, ஒன்றாக அனுப்பினால் வெளியே வருவதும் அப்படியே பிரியும். மார்பிலும் முதுகிலும் மார்க்கரால் பெயரோடு கிட் போட்ட நேரத்தையும் எழுதிவிட வேண்டும். யாரை முதலில் வெளியே எடுப்பது என்று உள்ளே வாக்குவாதம் வராது.

ஒவ்வொரு குழுவிலும் ஐசியு பழக்கம் உள்ளவர் இருவராவது இருக்கட்டும். தோழிகள் சேர்ந்து ஒரே குழு கேட்பார்கள். கொடுத்தால் ஒரு குழு முழுக்கப் புதியவர்களாகிவிடும். கர்ப்பிணிகளையும் சர்க்கரை உள்ள மூத்த சிஸ்டர்களையும் உள்ளே போடுவதில்லை. அவர்கள் வார்டின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளிருந்து போனில் சொல்லும் ஆக்சிஜன் அளவை கேஸ் ஷீட்டில் ஏற்றினால் உள்ளே இருப்பவர் கைக்கு எழுத்து வேலை மிச்சம். கிருமிபட்ட காகிதத்தை வெளியே கொண்டுவரும் தொல்லையும் இல்லை.

2021 மே மாதம் ரிசர்வ் ஐவரும் காய்ச்சலில் படுத்தபோது, தனிமையில் இருப்பவர்களைக் கூப்பிடலாமே என்றுதான் மேலிடத்தில் முதலில் சொன்னார்கள். அதைச் செய்தால் அடுத்த வாரத்துக்கு ஆளே இருக்காது. குழுவில் ஒருவர் குறைந்து நான்கு பேர்தான் உள்ளே என்றால் 24 படுக்கை. மீதி ஆறு படுக்கைக்குப் புது அட்மிஷன் கிடையாது என்று ஆர்.எம்.ஓ.விடம் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அன்றைய லிஸ்ட்டை ஒட்டினோம்.